சொந்தமாகப் பாய்ப்படகு கட்டுவது: வேலையில்லாதவன் வேலையா?

12 ஓகஸ்ட் 2023

திருகோணமலையில் என் வளவுக்குள் நான் பாய்ப்படகு ஒன்று கட்டுவதைப் பற்றி உப்புவெளி வாசகர் ஒருவரின் வாதம் இது: "பாய்ப்படகு ஓட்ட ஆசை என்றால் பழைய பைபர் போட் ஒன்றை வாங்கி, நடுவில் ஒரு பாய்மரத்தை நட்டால் முடிந்தது. வளவுக்குள் மாதக்கணக்காகப் பலகை ஒட்டிக்கொண்டிருப்பது வேலையில்லாதவன் வேலை."

முடியாது ஐயா. அந்தப் போட்டுகளை இயந்திரம் தள்ளிப் போவதற்கென்றே வடிவமைத்திருக்கிறார்கள். அடி தட்டை, கடையால் (பின்பக்கம்) அகலம், கீழே தண்ணீரைப் பிடித்து நிற்க எதுவும் கிடையாது. பாய் விரித்தால் காற்றோடு நன்றாகவே போகும், காற்றுக்கு எதிரே திரும்பி வராது. குடாவின் எதிர்க்கரையில் சம்பூர்ப் பக்கம் போய் ஒதுங்கினால் பஸ்ஸில்தான் வீடு வந்து சேர வேண்டும்.

காசு விஷயத்தில் அவர் சொல்வது சரி. கட்டுவது மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிளைவுட், எபொக்சிப் பிசின், கண்ணாடி இழைத் துணி எல்லாம் சேர்ந்தால் பழைய போட் ஒன்றின் விலையைத் தாண்டிவிடும். ஜோஷுவா ஸ்லோகம் 1895இல் உலகத்தைத் தனியாகச் சுற்றப் புறப்பட்ட 'ஸ்ப்ரே' படகைத் தன் கையால் புதுப்பித்தபோது சாமான் செலவு 553 டொலர் 62 சதம், அதோடு 13 மாத உழைப்பு என்று எழுதி வைத்தார். சதத்தைக்கூட விடாமல் கணக்கு எழுதிய அந்த மனுசனும் தன் உழைப்புக்கு விலை போடவில்லை. நானும் போடப் போவதில்லை. போட்டால் வீட்டில் பதில் சொல்ல வேண்டி வரும்.

12 ஓகஸ்ட், இரவு

இது எப்படித் தொடங்கியது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். 2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். மண்ணெண்ணெய் இல்லாமல் போட்டுகள் கரையில் ஏறிக் கிடந்தன. ஓகஸ்டில் ஒரே அடியில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனது. அப்போது கரையில் உட்கார்ந்து கதைத்த கிழவர்கள் எல்லோரும் பாயைப் பற்றித்தான் கதைத்தார்கள். எந்தக் காற்றில் எந்தப் பக்கம் பாயைப் பிடிப்பது, பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை எப்போது தளர்த்துவது என்று. பாதி விளங்கவில்லை. விளங்காத பாதிதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

நான் பலகை வாங்கி முடிக்க மண்ணெண்ணெய் திரும்ப வந்துவிட்டது. அது வேறு கதை.

19 ஓகஸ்ட்

முறை என்ன என்று கேட்டவருக்கு. வங்குக்கால் (படகின் விலாச் சட்டம்) வைத்துப் பலகை அறைவது எனக்குச் சரிவராது, அதற்குக் கை பழகியிருக்க வேண்டும். நான் எடுத்தது தைத்து ஒட்டும் முறை. பிளைவுட்டில் வரைபடப்படி பக்கப் பலகையும் அடிப்பலகையும் வெட்டி, ஓரமெல்லாம் சின்னத் துளை போட்டு, செப்புக் கம்பியால் தைத்து, உள்மூலைகளில் எபொக்சிக் களியை நிரப்பி, மேலே கண்ணாடித் துணி நாடா ஒட்டுவது. கம்பியைப் பிறகு வெட்டி இழுத்துவிடலாம். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய வயரை உரித்தெடுத்த கம்பியே போதும்.

இதைப் பொதுசனத்துக்குக் கொண்டுபோனது 1963இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த 'மிரர்' என்ற சின்னப் படகு. ஜாக் ஹோல்ட் என்ற வடிவமைப்பாளரும், தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சுவேலை சொல்லிக்கொடுத்த பாரி பக்னெலும் சேர்ந்து செய்தது. நீளம் 11 அடிகூட இல்லை, பாய் சிவப்பு. ஒரு பத்திரிகை தன் பெயரைக் கொடுத்து விற்றது. 70,000க்கு மேல் கட்டியிருக்கிறார்கள், பெரும்பாலும் வீட்டுக் கராஜில், உளி பிடித்துப் பழகாதவர்கள்.

வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று சிரிக்க வேண்டாம். சென்னையில் துறைமுகம் கட்டப்படும் முன் அலையைத் தாண்டிக் கப்பலுக்கு ஆளையும் சாமானையும் ஏற்றிய மசூலாப் படகுகள் ஆணியே இல்லாமல் தும்புக் கயிற்றால் தைத்தவை. அவற்றுக்கு ஹல்மில்ல மரம் இங்கேயிருந்து போயிருக்கிறது. ஆங்கிலேயரின் மர ஏடுகளில் அதன் பெயரே திருகோணமலை மரம்.

20 ஓகஸ்ட்

இல்லை, என் படகு ஹல்மில்ல மரத்தில் இல்லை. கேட்ட மூன்று பேருக்கும் ஒரே பதில்: விலை.

2 செப்டெம்பர்

தைத்தாயிற்று. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுங்கள்.

காலையில் நாலு பலகையும் முற்றத்துச் சீமெந்தில் தட்டையாகக் கிடந்தன. எட்டடிக்கு நாலடிப் பலகையில் படகு நீளம் வராது, அதனால் இரண்டிரண்டாக ஓரம் சீவி ஒட்டியிருந்தேன். ஒன்றுக்கு எட்டு என்பது கணக்கு, 6 மில்லிமீற்றர் தடிப்புக்கு 48 மில்லிமீற்றர் சரிவு. அடிப்பலகை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஏரா (படகின் அடி நடுக்கோடு) ஓரத்தில் கம்பி கோத்து, பிறகு விரித்தேன். பக்கப் பலகைகளைச் சேர்த்தேன். அதுவரை அது ஒரு சாமானாகவே தெரியவில்லை. அணியத்து (முன்மூக்கு) கம்பியைக் குறடால் முறுக்கத் தொடங்கியதும் பலகை முனகியது. இன்னொரு முறுக்கு. கருவாட்டுக்குப் பிளந்து போட்ட பாரை மீன் தானாக உடம்பை மூடிக்கொண்டு எழும்பியதுபோல, தட்டையாகக் கிடந்தது வளைந்து, வயிறு வைத்து, மூக்கை நிமிர்த்தி நின்றது.

நான் எதையும் வளைக்கவில்லை. வெட்டிய ஓரத்தின் கோடுதான் அந்த வளைவைக் கொண்டுவந்தது. பத்தாம் வகுப்புக்குக் கேத்திர கணிதம் படிப்பிக்கிற எனக்கே இது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் அன்றைக்குச் சோறு ஆறிப்போனதை யாரும் வந்து சொல்லும்வரை அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

உப்புவெளிக்காரருக்கு என் பதில் இதுதான். ஓட்டுவதெல்லாம் பிறகு. கடலில் இறக்காமல் இதை அப்படியே முற்றத்தில் வைத்திருந்தாலும் எனக்கு நட்டமில்லை.

3 செப்டெம்பர்

"அப்ப முற்றத்திலேயே வைத்துப் பூமரம் நடுங்கோ" என்று அவர் எழுதியிருக்கிறார். நல்லது.

23 செப்டெம்பர்

பைபர் போட் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர், எபொக்சிக்கு ஏன் இவ்வளவு காசு, எங்கட பொலியெஸ்டர் ரெசின் போதாதா என்று கேட்கிறார். முழுப் படகையும் அச்சில் கண்ணாடி இழையால் வார்க்கும்போது பொலியெஸ்டர் போதும். மரத்தில் அது கடித்துப் பிடிக்காது. சில வருடம் வெயிலும் தண்ணீரும் பட்டால் தோலாகக் கழன்று வரும். இன்னொன்று: பட்டறையில் பாவிக்கிற நறுக்கிய கண்ணாடி இழை விரிப்பை எபொக்சியோடு பாவிக்காதீர்கள். அந்த இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை பொலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபொக்சிக்கு நெய்த துணி வேண்டும்.

பிளைவுட் வாங்கும்போது கடைக்காரர் மரீன் (தண்ணீர் தாங்கும் வகை) என்று சொன்னாலும் ஒரு துண்டை வாங்கிச் சட்டியில் போட்டு நாள் முழுக்க அவியுங்கள். அடுக்குப் பிரிந்தால் அது அலுமாரிக்குத்தான் நல்லது. வீட்டில் கேட்டால் கிழங்கு அவிக்கிறேன் என்று சொல்லலாம். நான் சொன்னேன், நம்பவில்லை.

1 ஒக்டோபர்

வெயில் பற்றி எழுதாமல் விட்டது. எபொக்சி டப்பாவில் எழுதியிருக்கும் இறுகும் நேரம் பெரும்பாலும் 25 பாகை செல்சியசுக்கு. பத்துப் பாகை ஏற ஏற நேரம் பாதியாகும். எங்கட ஊரில் மதியம் 35 என்பது சாதாரணம். கோப்பையில் குவித்து வைத்தால் அதன் சூடே அதைச் சூடாக்கி, புகைந்து, கோப்பையையும் உருக்கிவிடும். கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிப் பரப்புங்கள்.

பூசுவதற்கு நல்ல நேரம் பின்னேரம். குளிர்ச்சி மட்டும் இதற்குக் காரணமில்லை. மரத்துக்குள் காற்று இருக்கிறது. காலையில் பூசினால் வெயில் ஏற ஏற அந்தக் காற்று விரிந்து வெளியே தள்ளும், பூச்சு முழுக்கக் குமிழி. வெயில் இறங்கும்போது பூசினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், ரெசினையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்தவர் காலையில் தூரிகை எடுக்க மாட்டார்.

கையில் பட்டால் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், அது ரெசினைத் தோலுக்குள் அனுப்பும். விநாகிரி போட்டுத் துடைத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கையுறை போட்டால் இந்தக் கதையே வேண்டாம்.

28 ஒக்டோபர்

மழை விட்ட இரவில் விளக்கைப் போட்டு எபொக்சி பூசுகிறவர் ஈசலைப் பற்றி யோசித்திருக்க வேண்டும் என்று கிண்ணியா வாசகர் ஒருவர் அறிவுரை எழுதியிருக்கிறார். அறிவுரை ஒரு நாள் பிந்தி வந்தது. இடது பக்கப் பலகையில், அணியத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரு ஈசல் இறகு விரித்தபடி கண்ணாடிக்குள் கிடக்கிறது. சுரண்டிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். உள்பக்கத்துக்கு வார்னிஷ் அடிக்கப் போகிறேன், ஆகவே அது தெரியும். இறகின் நரம்புகூடத் தெரிகிறது.

4 நவம்பர்

தோணி கட்டி ஓய்ந்த ஓடாவி நானா ஒருவர் வந்து பார்த்தார். நான் கூப்பிட்டதுதான். முதலில் கதிரையில் இருந்து தேநீர் குடித்தார். பிறகு எழும்பிக் கடையாலுக்குப் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடி ஏராவின் கோட்டை நெடுகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு வேர்த்துவிட்டது.

"கோணல் இல்ல, மாஸ்டர்."

அப்பாடா என்றேன். விடவில்லை. "தச்சுவேலையா தையல் வேலையா இது? கலப்பத்து அடிக்க ஒரு இடுக்குக்கூட இல்லையே." பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைக்கும் கலப்பத்து தேவைப்படாதது குறையா நிறையா என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் முடிவு செய்ய முடியாத மாதிரித்தான் இருந்தது. சுக்கானைத் தூக்கிப் பார்த்து, பாரம் காணாது, மிதக்கப் பார்க்கும், ஈயம் வை என்றார். வைக்கப் போகிறேன்.

இந்தப் பொழுதுபோக்கில் இது ஒரு பெரிய லாபம். படகு வாங்கியிருந்தால் அவர் ஏன் என் வீட்டுக்கு வருகிறார்?

18 நவம்பர்

அன்னபூரணிக் கப்பலைப் பற்றி ஒருவர் பெருமையாக எழுதியிருக்கிறார், அமெரிக்கருக்காகவே வல்வெட்டித்துறையில் கட்டியது என்று. அப்படி இல்லை. அது வல்வெட்டித்துறையாரின் சொந்த வணிகக் கப்பல். வில்லியம் அல்பேட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் பிறகு அதை வாங்கி, மனைவியின் பெயரை வைத்து, அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1938இல் மாசச்சூசெற்ஸின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓட்டிப் போனவர்களில் வல்வெட்டித்துறை மாலுமிகள் இருந்தார்கள்.

ஆனால் அதை இந்தக் கதைக்குள் இழுப்பது எனக்குச் சம்மதமில்லை. அவர்கள் தொழில்காரர்கள், பரம்பரையாகக் கை வந்தவர்கள். நான் சனி ஞாயிறுகளில் பலகை தேய்க்கிறவன். தமிழன் கப்பல் கட்டினான் என்பதற்கும் என் வளவில் நிற்கும் இந்தப் பெட்டிக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

13 ஜனவரி 2024

வாடை மழையில் வேலை நின்றது. ஈரப்பதம் கூடிய இரவில் எபொக்சி காய்ந்தால் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அதைத் தண்ணீரால் கழுவாமல் அடுத்த பூச்சுப் போட்டால் பிடிக்காது. தேய்ப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும், தேய்த்துவிட்டுக் கழுவக் கூடாது.

மழைக்குள் செய்தது பாய்மரம். நேரான சவுக்குத் தடி ஒன்றைத் தோலுரித்துக் கூரைக்குக் கீழே காயவைத்து, பிறகு சீவியது. உயரம் குறைந்த மரமே போதும், ஏனென்றால் நான் வைக்கப் போவது மேலே ஒரு பறுவானில் (குறுக்குத் தடியில்) தொங்கும் நாற்கோணப் பாய்.

பாய்மரத்துக்கு என்று கொட்டியாரக் குடாவுக்கு வந்து கெட்டுப்போன ஆளும் இருக்கிறார். 1659 நவம்பரில் மசூலிப்பட்டணத்தில் புயலில் மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் புது மரம் போட இங்கே வந்தது. அடுத்த ஏப்ரலில் கண்டி அரசன் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபட் நொக்ஸையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மகன் தப்பியது 1679இல். அவர்கள் பிடிபட்ட இடம் என்று சொல்லும் புளியமரத்தின் கதை மூதூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். என் சவுக்குத் தடிக்கு அலைந்த அலைச்சலைச் சொல்லி நான் யாரிடமும் அனுதாபம் தேடப் போவதில்லை.

10 பெப்ரவரி

பாய். ரார்ப்போலின் சீட்டில் வெட்டியது. சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். உண்மையான பாய்த்துணி இங்கே எடுப்பது சிரமம், முதல் பாய்க்கு இது தாராளம். ஒரு விஷயம் முக்கியம்: சீட்டைத் தட்டையாக வெட்டித் தைத்தால் அது காற்றை மறிக்கும் திரை மட்டும்தான். பாய்க்கு ஒரு வயிறு வேண்டும். ஓரத்தை நேராக வெட்டாமல் கொஞ்சம் வெளியே வளைத்து வெட்டி, நேரான தடியில் கட்டினால் அந்த மிச்சத் துணி உள்ளே போய் வயிறாகும். சட்டைக்குப் பிடிப்புத் தைக்கிற அக்கா ஒருத்தி இதை நான் சொல்லி முடிக்குமுன் விளங்கிக்கொண்டார்.

வெள்ளைப் பெயின்ற் ஏன் என்று கேட்டவருக்கு: வெயில் எபொக்சியைத் தின்னும், அதனால் மூட வேண்டும். கடும் நிறம் அடித்தால் பலகை சூடேறி, ஊர்ச் சூட்டில் காய்ந்த எபொக்சி இளகும் அளவுக்குப் போகலாம். நீலம் எனக்கும் பிடிக்கும்தான்.

30 மார்ச்

இறக்கினோம். பட்டா லொறியில் ஏற்றித் தம்பலகாமக் குடாவுக்குக் கொண்டுபோனோம். அங்கே தண்ணீர் ஆழம் குறைவு, அலையும் இல்லை. கிண்ணியாப் பாலத்தடிக்கு மட்டும் போகவில்லை, அங்கே நீரோட்டம் இழுக்கும்.

முதல் வேலையாகப் படகைப் பிடித்துக் கவிழ்த்தோம். பார்த்துக்கொண்டிருந்த பொடியன்கள் திகைத்துவிட்டார்கள், இவ்வளவு நாளாகக் கட்டியதை மாஸ்டரே கவிழ்க்கிறார் என்று. இது எல்லோரும் செய்ய வேண்டிய சோதனை. இடுப்பளவுத் தண்ணீரில் கவிழ்த்து, நடுப்பலகையில் (படகின் நடுவால் தண்ணீருக்குள் இறங்கும் பலகை) ஏறி நின்று நிமிர்த்தி, உள்ளே ஏறித் தண்ணீர் இறைக்க முடிகிறதா என்று கரைக்குப் பக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். அணியத்திலும் கடையாலிலும் அடைத்த காற்றறைகள் தாங்கின.

பிறகு பாய் ஏற்றினோம்.

31 மார்ச்

நேற்றுக் களைப்பில் படுத்துவிட்டேன். பாய் ஏற்றியதும் என்ன நடந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை, பாய் படபடத்தது. தாமானை இழுத்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்து நகர்ந்தது. கீழே எங்கோ 'டொக், டொக்' என்று ஒரு சத்தம். கூட வந்த மருமகன் பயந்துபோய் அங்கே இங்கே பார்த்தான். நான் பார்க்கவில்லை. நடுப்பலகை அதன் பெட்டிக்குள் இரண்டு மில்லிமீற்றர் ஆடுகிறது, அந்த இடைவெளியை நான்தான் விட்டேன், பலகை தண்ணீரில் ஊறி இறுகக் கூடாது என்று.

செப்டெம்பரில் இதை முற்றத்தில் வைத்திருந்தாலும் நட்டமில்லை என்று எழுதினேன். இப்போது அப்படி எழுத மாட்டேன். வாங்கிய படகில் ஒரு சத்தம் கேட்டால் அது பயம். இதில் எந்தச் சத்தம் கேட்டாலும் அதன் இடம், மரம், நான் அதைச் செய்த பின்னேரம் எல்லாம் தெரியும். தண்ணீரில் இறக்காமல் விட்டிருந்தால் இவ்வளவும் எனக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

சுக்கான் மிதக்கவில்லை. நானா சொன்ன ஈயம்.

18 மே

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. இரண்டு பேர் நிலாவெளியில் இறக்கிப் புறாத்தீவுக்கு ஓட்டப் போவதாக எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி, ஏனென்றால் காற்று இன்னும் தண்ணீரைப் பிடிக்கவில்லை. வெளியே போகப் போகத்தான் பலம் தெரியும், அப்போது திரும்பி வர முழு வழியும் காற்றுக்கு எதிரே. ரார்ப்போலின் பாயும் சின்ன நடுப்பலகையும் அதற்குப் போதாது. குடாவுக்குள் ஓட்டுங்கள். முதலில் காற்றுக்கு எதிரே ஏறிவிட்டுப் பிறகு காற்றோடு வாருங்கள், களைத்த நேரத்தில் வீட்டுப் பாதை லேசாக இருக்கும். துடுப்பும் உயிர்காப்பு அங்கியும் படகின் பாகம் என்று நினையுங்கள். உள்துறைமுகப் பக்கம் என்றால் முதலில் கடற்படையிடம் கேளுங்கள், அங்கே நினைத்தபடி திரிய முடியாது.

வேலை முடிந்தால் படகைக் கரையில் ஏற்றுங்கள். நம் உப்புத் தண்ணீரில் மரத்தைத் துளைக்கும் புழு இருக்கிறது. கண்ணாடித் துணியில் ஒரு கீறல் கிடைத்தால் உள்ளே போய்விடும்.

8 ஜூன்

உப்புவெளிக்காரர் கேட்கிறார், வரைபடத்தைப் பார்க்க வரலாமா என்று. வரலாம். சனி பின்னேரம் சுக்கான் கீலை மாற்றுகிறேன், ஆள் வேண்டும். பழைய சட்டையோடு வாருங்கள், எபொக்சி பட்டால் போகாது.